கள்ளிச்செடியின் சாட்சி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் முன்பு கைமுக்கு என்றொரு சோதனை நடந்துவந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்க்குள் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றம் உறுதி; வேகாமல் தப்பினால் அவர் சுத்தர். அகலிகை விஷயத்தில் பழி சுமந்த இந்திரன் இந்தத் தலத்தில்தான் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றான் என்கிறது தலபுராணம். தேவேந்திரனுக்கு விதித்ததை மனிதருக்கும் விதித்தார்கள். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

கொடுமை என்று இன்று அதைத் தள்ளிவிடுவோம். தள்ள வேண்டியதுதான். ஆனால் அதை நம்பியவர்களின் மனத்துக்குள் இருந்த கணக்கை நான் நெடுநாளாக யோசித்து வருகிறேன். அவர்களுக்கு மனிதர் இரண்டே வகை: உண்மை சொல்கிறவர், பொய் சொல்கிறவர். யார் எந்த வகை என்று ஊருக்குத் தெரியாமல் போகலாம். சொல்கிறவனுக்கும் சாமிக்கும் தெரியும். சாமியைப் பேசவைக்கத்தான் நெய்யைக் காய்ச்சினார்கள்.

என் உத்தியோகக் காலம் இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் கழிந்தது. பெஞ்ச் கிளார்க்காக இருந்த ஆண்டுகளில் கூண்டேறுகிறவர்களுக்குக் ‘கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை’ என்று சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது. டவாலி மூன்று முறை பேர் கூப்பிடுவார். சிலர் கூண்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படி ஏறுவதுபோல ஏறுவார்கள். அவர்களில் பொய் சொல்ல வந்தவர்களும் உண்டு. அவர்களால் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. சட்டம் அவர்களை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. என்னைத் துன்புறுத்தியவர்கள் வேறு ஆட்கள். மனதார நம்பி, கண்ணில் ஈரத்தோடு, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போகிறவர்கள். கைமுக்கு இவர்களுக்கு என்ன தீர்ப்பு சொல்லியிருக்கும்?

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். குளத்தங்கரையில் இரண்டு பங்காளி வீட்டாருக்கு இடையே நடைவழித் தகராறு. வயலுக்கும் குளத்துக்கும் போகிற பழைய வழி, பலாமரத்துக்கு மேற்கே போனதா, கிணற்றுக்குக் கிழக்கே போனதா என்பதே வழக்கு. வாதி தரப்புச் சாட்சியாக ஒரு பாட்டா வந்தார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. இரண்டு வீட்டாருக்குமே வேண்டப்பட்டவர். வழி பலாமரத்துக்கு மேற்கேதான், சின்ன வயசில் அந்த வழியாகத்தான் மாடு பத்திக்கொண்டு போனேன், அறுப்புக் காலத்தில் கதிர்க்கட்டு சுமந்தவர்கள் அந்தப் பலாமரத்து மூட்டில்தான் இளைப்பாறுவார்கள் என்றெல்லாம் சொன்னார். சொன்ன விதத்தில் கேட்டவர்கள் கண்முன் மரமும் நிழலும் வந்து நின்றன.

பிரதிவாதி வக்கீல் ஒரு நகலை எடுத்து நீட்டினார். முந்திய தலைமுறையில் அதே குடும்பத்தில் நடந்த பாகவழக்கில், வாலிபனாக இருந்த இதே பாட்டா சாட்சி சொல்லியிருக்கிறார். அதில் வழி கிணற்றுக்குக் கிழக்கே. அடியில் அவருடைய கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “கையெழுத்து எனக்கதாக்கும். ஆனா வழி அங்க கெடையாது.”

சாயங்காலம் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார். “சாரே, நான் பொய்ச்சத்தியமா செய்துட்டேன்?” என்று கேட்டார். இல்லை பாட்டா, நீங்க பொய் சொல்லல்லே என்றேன். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. “பொய் இல்லைன்னா பின்ன அது என்னது?” என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

அவர் மனத்தில் நடந்ததை விளக்க அறிவியலார் நிறையச் செய்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். சில நாள் கழித்து மறுபடியும், சில மாதம் கழித்து மறுபடியும். கதையில் கடல்நாய் வேட்டை இருந்தது; மீன்பிடிப்பு ஆகிவிட்டது. அவர்களுக்குப் புரியாத ஆவிகள் மெல்ல விலகிப்போயின. படித்தவர்கள் கதையை வைத்திருந்து எடுத்துத் தரவில்லை; தங்களுக்குப் பழகிய உலகத்தைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள்.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் செய்த ஆய்வு நீதிமன்றத்தில் வேலை பார்க்கிற எவரும் அறிந்திருக்க வேண்டியது. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதிக்கொண்டபோது’ என்ன வேகம் என்று ஒரு கூட்டத்தாரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று இன்னொரு கூட்டத்தாரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. மென்மையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள்; ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர். கேள்வியில் இருந்த ஒரு சொல் அவர்கள் கண்ணுக்குள் கண்ணாடிச் சில்லுகளைக் கொட்டிவிட்டது. முதல் விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது என்று நம் சாட்சியச் சட்டம் 1872லேயே தடுத்து வைத்தது. அப்போது மனத்தில் இருந்தது சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். சாட்சியின் நினைவே மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பாட்டாவின் கையெழுத்துக்கு இணையான ஒன்றும் நடந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர், தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டார். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முக்கிய விவரங்கள் எல்லாமே மாறியிருந்தன. அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டியபோதும், பழைய நினைவு திரும்பி வரவில்லை. இது என் எழுத்துதான், ஆனால் நடந்தது இப்படி இல்லை என்று சாதித்தவர்களும் உண்டு.

நைசருக்கு இந்த ஆர்வம் வந்ததற்கு அவருடைய சொந்த நினைவு ஒன்று காரணம். 1941 டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது தான் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாக வெகுகாலம் நினைத்திருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஆட்டம் நடப்பதில்லை. நம் கரையில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று தன் ஆபீசில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தபோது மணக்குடிப் பாலம் போய்விட்டது என்று போன் வந்ததாக என் உறவுக்காரர் ஒருவர் சொல்வார். மேஜை, ஃபைல், ஜன்னல் எல்லாம் வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அவரிடம் அதைச் சொன்னதில்லை. அந்த நாளில் அவருக்கு நெருங்கியவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். அந்த நினைவை அவர் எதைக் கொண்டு தாங்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூட உருவ எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஆழத்தில் போனவர் கரீம் நாதர். 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். ஒரு சத்தம் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று எலிக்குப் பழக்கினார்கள். அந்தப் பயம் மூளையில் உறைந்துவிட்டது. பிறகு ஒருமுறை சத்தத்தை மட்டும் கேட்கவைத்து, உடனே புரதம் உண்டாவதைத் தடுக்கிற மருந்தைப் பயத்துக்குரிய மூளைப் பகுதியில் செலுத்தினார்கள். பயம் அழிந்துபோயிற்று. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது கிடக்கிற நினைவு கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. எடுக்கும்போதுதான் இளகுகிறது, மறுபடி இறுகுவதற்குள் எதுவும் அதில் கலந்துவிடலாம். எலிக்குச் சொன்னதை மனிதருக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனால் பாட்டா அந்த வழியைப் பற்றி எத்தனை திண்ணையில், எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு நடுக்கம் வருகிறது. நாம் அடிக்கடி சொல்லிச் சொல்லிப் பேணுகிற நினைவுதான் அதிகம் கைபட்ட நினைவு.

நம் நாட்டுத் தத்துவக்காரர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. நியாய மரபினர் நினைவுக்குப் பிரமாணம் என்ற தகுதியைக் கொடுக்கவில்லை. அது புதிதாக ஒன்றையும் அறியவில்லை, முன் அனுபவம் விட்டுப்போன வாசனையிலிருந்து எழுகிறது என்றார்கள். சமணர் மறுத்தார்கள். நினைவும் பிரமாணமே, இல்லையென்றால் அனுமானம்கூட நிற்காது என்றார்கள். அதே மூச்சில் போலி நினைவையும் கணக்கில் வைத்தார்கள்: மாணிக்யநந்தியின் பரீக்ஷாமுகம் ஜினதத்தனை தேவதத்தன் என்று நினைப்பதை உதாரணமாகக் காட்டுகிறது. சமணம் நமக்கு எட்டாத சங்கதி இல்லை. சிதறால் மலைக் குன்றில் தீர்த்தங்கரர்கள் இன்றும் பாறையில் இருக்கிறார்கள். கோயில் பகவதிக்கு உரியதாகிவிட்டது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில்கூட அங்கே சமணருக்கு நிலம் விட்ட கல்வெட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்ற வருகிற நம் பெண்களுக்கு அவர்களை யாரென்று தெரியாது. ஒரு ஊரும் தன் பழைய நாட்களை இப்போதைய தேவையைக் கொண்டுதான் நினைக்கிறது.

ஆனால் பாட்டாவுக்கு நேர்ந்ததைச் சரியாகச் சொல்கிற சொற்றொடர் எனக்குச் சைவ சித்தாந்தத்தில்தான் கிடைத்தது: சார்ந்ததன் வண்ணமாதல். ஆன்மா தனித்து நின்று அறிவதில்லை. எதைச் சார்கிறதோ அதன் நிறமாகிவிடுகிறது, நிறங்களுக்குப் பக்கத்தில் வைத்த படிகத்தைப் போல. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, முதல் சாட்சிக்கும் இரண்டாவது சாட்சிக்கும் இடைப்பட்ட காலத்தில் பாட்டா வாதி வீட்டு வயலைப் பாட்டத்துக்கு எடுத்து உழுதிருக்கிறார். தினமும் பலாமரத்தடி வழியாகப் போய் வந்திருக்கிறார். அந்த வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறார். யாரும் காசு கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நடந்த காலும் உண்ட சோறும் மெல்ல மெல்ல அவருடைய சிறுவயதுக்குள் போய் வழியை மாற்றிப் போட்டிருந்தன.

சரி, இது பாவமா?

எந்த மரபிடம் கேட்டாலும் விடுதலையோ சலுகையோ கிடைக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 191ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ சொன்னால்தான் பொய்ச்சாட்சியம் என்றது. 1983இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சாட்சியின் மனம் வீடியோ நாடா இல்லை, சிறு முரண்களுக்காக அவரைத் தள்ளாதீர்கள் என்று விரிவாகவே எழுதியது. கத்தோலிக்க இறையியலில் தாமஸ் அக்வினாஸ், உண்மை என்று நம்பி ஒருவன் சொன்னது தவறாக இருந்தால் சொல்லில் பொய் இருக்கிறது, அவனிடம் இல்லை என்று பிரித்தார். இஸ்லாமியச் சட்டத்தில் ஹனஃபி மரபு, நடந்து முடிந்த ஒன்றை அப்படித்தான் என்று நம்பி ஆணையிட்டு, பிறகு அது வேறாக இருந்தால், இறைவன் குற்றம் பிடிக்காத வீண் சத்தியங்களின் கூட்டத்தில் அதை வைக்கிறது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் பொய்ச்சாட்சிக்குப் பேராசை, மயக்கம், அச்சம், நட்பு, அறியாமை என்று காரணங்களைப் பிரித்து, மயக்கத்தால் சொன்னவனுக்குப் பேராசையால் சொன்னவனைவிடக் குறைந்த தண்டம் விதிக்கிறது. தண்டத்திலும் தகுதியிலும் சாதி பார்க்கிற அந்த நூலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த ஒரு பகுப்பு, சாட்சிகளை உற்றுப் பார்த்த யாரோ செய்தது.

நான் இதையெல்லாம் பாட்டாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “செரி சாரே. எனக்குப் பாவம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்க வழி போச்சுல்லா?” என்றார்.

அவர் கேட்டது என்னவென்று எனக்குப் பிடிபட நாளாயிற்று. நான் அவருடைய மனத்தைச் சோதித்துச் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், கைமுக்கு செய்தவர்களைப் போலவே. அவர் பேசிக்கொண்டிருந்தது மனத்தைப் பற்றி இல்லை. சொல் வெளியே போய் என்ன செய்தது என்பதைப் பற்றி.

அதை எனக்கு விளங்கவைத்தது எங்கள் குடும்பத் தெய்வமான இசக்கியின் கதை. ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே, முப்பந்தலில் இருக்கிறாளே, அவளுடைய கதையைத்தான் எங்கள் கொடையிலும் வில்லில் பாடுவார்கள். பாட்டுக்குப் பாட்டு விவரம் மாறும், நடு இதுதான். ஒரு பெண் தன்னை நம்பவைத்தவனோடு காட்டுவழி போகிறாள். அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மண்ணைக் கூட்டித் தலையணையாக்கி அவள் தலையை அதில் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டு, நகையோடு போய்விடுகிறான். கேட்க மனித சாட்சி ஒருவரும் இல்லை. உயிர் பிரிகிறபோது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சியாக வைக்கிறாள். மறுபிறப்பில் அவன் வணிகன், அவள் நீலி. வழியில் அவள் பின்தொடர்கிறாள். அவன் பழையனூரில் எழுபது வேளாளர் கூடிய சபையில் தஞ்சம் புகுகிறான். இவர் என் கணவர் என்கிறாள் நீலி. கள்ளிக்கொப்பு ஒன்று அவள் இடுப்பில் குழந்தையாக இருக்கிறது. இறக்கிவிட்டதும் அது அவனிடம் போய் அப்பா என்கிறது.

எழுபது பேரும் நம்பினார்கள். வேறென்ன செய்ய முடியும்? குழந்தையே சாட்சி சொல்கிறது. அவளோடு இருக்கச் சொன்னார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

சிறுவயதிலிருந்து கேட்ட கதை. குடத்தில் அடிக்கிற அடியும், புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்த எதிரே இருப்பவர் ‘ஆமா’ போடுவதும், கல் விழுகிற இடம் வந்ததும் கோமரத்தாடி எழுந்து ஆடுவதுமாக என் உடம்பில் கிடக்கிற கதை. ஆனாலும் பாட்டா அந்தக் கேள்வி கேட்ட பிறகுதான் இது சாட்சியத்தைப் பற்றிய கதை என்று எனக்கு உறைத்தது. இதில் எத்தனை சாட்சி! கொலையைப் பார்த்த கள்ளி உண்மைச் சாட்சி. அதே கள்ளி குழந்தையாகிச் சபையில் பொய்ச் சாட்சி. கொன்றவனுக்குத் தான் கொன்றது நினைவே இல்லை. அவன் வேறு பிறவியில் இருக்கிறான். தன்னை நிரபராதி என்று அவன் சபையில் சொன்னபோது மனதார உண்மை சொன்னான். சபையாரும் கண்டதைக் கொண்டு மனதாரத் தீர்ப்பு சொன்னார்கள். நெய்யில் விட்டிருந்தால் ஒருவர் கையும் வெந்திருக்காது. இருந்தும் ஒருவர் கணக்கும் தள்ளுபடி ஆகவில்லை.

இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் லாக், தன் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், ஒருவன் அதே ஆளாக இருப்பது அவனுடைய நினைவு எட்டுகிற தூரம்வரைதான் என்றார். நினைவில்லாத செயலுக்கு அவனைப் பொறுப்பாக்குவது எப்படி என்பது அதிலிருந்து பிறக்கிற கேள்வி. ஐரோப்பாவில் பலருக்கு இது இயல்பாகத் தோன்றியிருக்கிறது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது தலைகீழ். எங்கள் வினைக்கொள்கை முழுவதும், நமக்குக் கொஞ்சமும் நினைவில்லாத செயல்களுக்கு நாம் பொறுப்பு என்பதன்மேல் நிற்கிறது. முன்வினை நினைவில் இல்லை. ஆனால் வந்து சேருகிறது. அதைச் செய்தவனிடம் சேர்ப்பது அந்த ஆன்மாவின் ஞாபகம் அல்ல, மறவாத ஒருவன் என்று மெய்கண்டார் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இதைக் கொடுமையான கொள்கை என்று பலர் வாதிடுவார்கள். ஏழையின் துன்பத்தைப் பார்த்து உன் முன்வினை என்று சொல்லிக் கைகழுவ இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பயன்பாட்டை நான் வெறுக்கிறேன். பிறருடைய வினையை எண்ண எனக்கு உரிமை இல்லை. ஆனால் என்னை நோக்கி மட்டும் திருப்பினால், இந்தக் கொள்கை எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. நினைவு இப்படிக் குழையும் என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது சிலர் கலங்குகிறார்கள்: நினைவே நம்பத்தகாதது என்றால் நியாயம் எங்கே நிற்கும், மன்னிப்பு எதற்கு, நான் யார் என்று. நியாயத்தை நம் நினைவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் அல்லவா அது களவு போகும்? அது அங்கே வைக்கப்படவே இல்லை. கடவுள் அறிய என்று நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதை ஒரு மிரட்டலாகவே நினைத்தேன். பொய் சொன்னால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று. இப்போது அது சாட்சிக்குக் கொடுக்கிற தைரியமாகத் தெரிகிறது. நீ முழுதும் அறிந்தவன் இல்லை. அறிந்தது வேறொன்று இருக்கிறது. நீ உனக்குத் தெரிந்ததைச் சொல், திருத்தம் வந்தால் ஏற்றுக்கொள்.

திருத்தத்தை ஏற்பது எளிதில்லை. பாட்டா நகலைப் பார்த்த பிறகும் பலாமரம் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. கடைசிவரை போகவில்லை என்றே நினைக்கிறேன். மனத்தில் தெரிகிற படத்தை அழிக்க யாராலும் முடியாது. ஆனால் அந்தப் படத்தின்மேல் பாரத்தை ஏற்றாமல் இருக்க முடியும். அதுதான் மனிதனால் ஆகிற சத்தியம் என்று நான் நம்புகிறேன்.

எழுபது பேர் விஷயத்தில் என் அம்மாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. அவர்கள் செய்ததே நீதி, வாக்குக் கொடுத்தால் அப்படித்தான் என்பாள் அம்மா. எனக்கு அந்த இடத்தில் பாட்டு நிற்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். எழுபது வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வணிகனின் வீட்டிலும் யாரோ காத்திருந்திருப்பார்கள். தீயில் இறங்கியவர்கள் யாருக்கும் சோறு போட முடியாது. கடனை ஒத்துக்கொண்டது பெரிது. உயிரோடு இருந்து அடைத்திருந்தால் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

பாட்டா அடைத்தார். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் ஒருநாள் பிரதிவாதி வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் கண்டது எனக்குக் கண்டதுதான், ஆனா நான் எழுதிக்கொடுத்தது உங்க பக்கம் நிக்குது, நான் இல்லாத காலத்தில் என் பேச்சை வைத்து நீங்கள் அடிச்சுக்கிடப்பிடாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியே வாதி வீட்டுக்கும் போயிருக்கிறார். அங்கே கோபப்பட்டார்கள். பாட்டத்தை எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். எடுத்துக்கோ மக்கா என்று சொல்லிவிட்டு மறுநாளும் போய் உட்கார்ந்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் இரு தரப்பும் சமரச மனு போட்டார்கள். கிணற்றுப் பக்கம் ஆளும் மாடும் போக ஒரு வழி, பலாமரத்துப் பக்கம் தலைச்சுமை போக ஒரு வழி, இரண்டும் இரு வீட்டாருக்கும் பொது. நீதிபதி அதைப் பதிவு செய்து வழக்கை முடித்தார். அந்தத் தீர்ப்பாணையை நகல் பார்த்துச் சரிபார்த்தது நான்தான். பழைய வழி எது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது எந்த வழி பக்கமோ அந்த வழியில் குளத்துக்குப் போகிறார்கள்.